இடப்பக்கம் பாருங்கள்

லைஃப் ஜாக்கெட் ஒன்றில் மூன்றாவது கொக்கி மாட்டாது.
அதைப் பீளமேட்டுச் சாருக்குக் கொடுத்துவிட்டேன்,
மீகாங் ஆற்றில் ஏழு நாள் கப்பலில் போனவர் அவர்.
படகு நகருமுன்னே சொல்லி முடித்துவிட்டார்:
மொத்தமே பதினாறு அறை, வெந்நீர்,
கட்டில்மேல் வெள்ளைத் துண்டை
வாத்துபோல மடித்து வைத்திருப்பார்களாம்.
கரை நெடுக நெல்லும் எருமையும்.
பிள்ளைகள் ஓடிவந்து கையசைத்தார்களாம்.

காரங்காட்டில் யாரும் கையசைப்பதில்லை.
இன்னாசி எஞ்சின் கயிற்றைச் சுண்டினான்.
ஒருமுறை. மறுமுறை. மூன்றாவதில் பிடித்தது.

இடப்பக்கம் பாருங்கள், அலையாத்தி.
இதன் வேர் சேற்றிலிருந்து மேலே வந்து
குச்சி குச்சியாய் நிற்கும், மூச்சு வாங்க.
வலப்பக்கம் கூழைக்கடா.
அதோ தூரத்தில் வரிசையாய்ப் பூநாரை,
மாசி முடியுமட்டும் இருக்கும்.
ஒரு நடைக்கு இவ்வளவு சொல் என்று
மனசுக்குள் அளவு வைத்திருக்கிறேன்,
முகத்துவாரம் வரும்போது தீர்ந்துவிடும்.
நடைக்கு நூற்றைம்பது ரூபாய்.

மீகாங்கிலும் இப்படி ஒருத்தி பேசினாளா என்று கேட்டேன்.
பேசினாள் என்றார் அவர் மனைவி சுகந்தி அம்மாள்.
கழுத்தில் விசில். எந்நேரமும் சிரிப்பு.
பேரைக் கேட்டோம், என்னவோ சொன்னாள்.

திரும்பும்போது தரை தட்டியது.
வத்தம் எங்களை முந்திக்கொண்டது.
இன்னாசி கம்பை ஊன்றினான், கம்புதான் இறங்கியது.
ஒன்றரை மணி நேரம் ஆகும், என்றான்,
எங்களிடம் அல்ல, தண்ணீரிடம்.
எஞ்சின் ஓய்ந்ததும் சேறு பேச ஆரம்பித்தது,
வளைக்கு வளை சின்னச் சின்ன சொடக்கு.
யாரோ பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார்கள்.
சார் கேட்டார்: இப்போது எந்தப் பக்கம் பார்க்க?

என்னிடம் சொல் மிச்சமில்லை.

அப்போதுதான் அலையாத்திக்குள்ளிருந்து வந்தார்கள், நால்வர்.
இடுப்பளவு தண்ணீர், பிறகு தொடையளவு, பிறகு முழங்கால்.
சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை,
கையில் பறி.
இரண்டாவதாக வந்தவள் மெட்டில்டா.
என் வீட்டுக்காரரின் அக்கா.
ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள்,
பதினான்கு மாதமாய்ப் பேச்சு இல்லை.
ஒரு பித்தளை அண்டா விஷயம்,
சொன்னால் சிரிப்பீர்கள்.

எல்லார் போனும் எழும்பிவிட்டது.
யார் இவர்கள், என்றார் சார்.
என் வேலையே அதுதானே, ஆரம்பித்தேன்:
வலப்பக்கம் பாருங்கள். நண்டு பிடிக்கிற பெண்கள்.
வலை கிடையாது, படகு கிடையாது,
வெறுங்கையால் சேற்றைத் துழாவி

மெட்டில்டா நின்றாள்.
"பூநாரைக்குப் பேர் சொல்லத் தெரியுதுல்ல?
எங்களுக்கும் பேர் இருக்கு. சொல்லு."

இன்னாசி கம்பின் நுனியை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

சொன்னேன். முன்னால் போவது சவேரியாள்.
பின்னால் வருவது ஞானப்பூ, அவள் மகள் இருதயமேரி.
இது மெட்டில்டா.
என் நாத்தனார் என்று சேர்த்துக்கொண்டேன்,
அதை யாரும் கேட்கவில்லை.
சுகந்தி அம்மாள் ஒவ்வொரு பேரையும்
வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்,
ஞானப்பூவை மட்டும் இரண்டு தரம்.

"அண்டா என்கிட்டதான் இருக்கு," என்றாள் மெட்டில்டா,
படகில் பதினொரு பேர் கேட்க.
"அடியில ஓட்டை."
அதற்குமேல் நிற்கவில்லை.

சார் எழுந்தார். படகு ஒரு பக்கம் சாய்ந்தது.
கொக்கி மாட்டாத ஜாக்கெட் தொங்கத் தொங்க
கையைத் தலைக்கு மேலே தூக்கி அசைத்தார்,
வெகுநேரம் அசைத்தார்,
அங்கே கற்றுக்கொண்டு வந்தது போலும்.

அவள் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.
அசைக்கவில்லை.
இரண்டு கையிலும் நண்டு.

தண்ணீர் ஏற இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது.
சார் உட்கார்ந்து,
அந்த மூன்றாவது கொக்கியை
மறுபடியும் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.