முப்பத்தெட்டுப் படி

நாய்க்குட்டி கேட்டு வந்தவளை
நாற்காலியில் உட்காரவைத்து
வேலைக்கு ஆள் எடுப்பவர் போல விசாரித்தார்
பெரம்பூர் டெஸ்மண்ட்.

"எத்தனை மணிக்குப் போவ, எப்ப வருவ?"
ராத்திரி ஒன்பதுக்குப் போய்
காலை ஆறரைக்கு.
"அப்படி என்ன வேலை?"
கோயம்பேட்டில், மெட்ரோ பணிமனையில்,
ஓடிக் களைத்த ரயில்களின் வயிற்றுக்கடியில்
டார்ச் அடித்து விரிசல் தேடுவது.
கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.
"அப்போ பகல்ல தூங்குவ."
தூங்கப் பார்ப்பேன்.

என் ஆசையைச் சொன்னேன்: ஷிட்சு.
தரை பெருக்கும் முடி, பொம்மை முகம்.
"ஏசி இருக்கா?"
மொட்டை மாடிக்கு நேர் கீழே வீடு.
இருக்கிற ஒரே ஃபேனும்
மே மாதத்தில் அனலைத்தான் பரிமாறும்.
உதட்டைப் பிதுக்கினார்.
சரி, பக்?
"மூக்கே இல்லாத ஜீவன்மா அது.
அக்னி நட்சத்திரத்துல அது விடுற மூச்சை
நீ எண்ணிக்கிட்டு உக்காந்திருப்ப."
பொமரேனியன்
கீரைக்காரி, கேஸ் சிலிண்டர், அடுத்த வீட்டு குக்கர்
எல்லாருக்கும் பதில் சொல்லுமாம்.
எதிர் வீட்டில் சுகந்தி பிளஸ் டூ.
மார்ச் வரைக்கும் எங்கள் மாடியில்
செருப்புகூட மெதுவாகத்தான் ஏறும்.
பீகிள் என்று வாயெடுத்தேன்.
சிரித்துவிட்டார்.

பேச்சு தீர்ந்துபோன நேரத்தில்
கட்டிலுக்கடியிலிருந்து வந்தது ஒரு டாஷ்ஹண்ட்.
வந்தது,
வந்துகொண்டே இருந்தது,
கடைசியில் வாலும் வந்து சேர்ந்தது.
நீளப் பெட்டி, சின்னச் சக்கரம்.
எனக்குப் பழகிய உடல்வாகு.
கை தானாகப் போய் அடிவயிற்றைத் தடவிப் பார்த்தது.
ஆறு வயது. மூன்று ஈத்து முடித்துத்
தளர்ந்து தொங்கிய முலைகள். மூக்கைச் சுற்றி நரை.
"பேரு மிஸஸ் பின்டோ," என்றார்,
பியானோ சொல்லித்தந்து
விரல் கணுவில் அடித்த டீச்சரின் ஞாபகமாக.

குட்டி ஏதும் இல்லையா?
"குட்டிக்குப் பகல் பூரா ஆள் வேணும்.
இவளுக்குப் பகல் பூரா தூக்கம் வேணும்.
ஒண்ணே ஒண்ணு. வீட்டுக்கு எத்தனை படி?"
முப்பத்தெட்டு.
"முதுகு போயிடும். ஏறவும் விடாத, இறங்கவும் விடாத."
அதை எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.
நீளமான எதுவும் வளைவில்தான் நோகும்.

எனக்குத் தோதான நாயைத் தேடிப் போனவள்
எட்டரைக் கிலோவை இடுப்பில் வைத்துக்கொண்டு
தினம் நாலு தடவை படியேறுகிறேன்.
காலையில் என் சட்டையில் கிரீஸ் வாடை.
அதை ஆழமாக மோந்துவிட்டு
முதல் திருப்பத்திலேயே கண்ணை மூடிக்கொள்வாள்.
ஜன்னலுக்கு அட்டை ஒட்டிய அறையில்,
ஊரே டிபன் கட்டிக்கொண்டு ஓடும் சத்தத்துக்கு நடுவில்,
நாங்கள் ராத்திரி செய்துகொள்கிறோம்.
நிஜ ராத்திரிக்கு ஒரு சாவி சுகந்தியிடம்.
இரண்டு மணிக்கு வேதியியல் புத்தகத்தோடு வந்து
ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகிறாள்.
மிஸஸ் பின்டோ குறட்டை விடுகிறார் அக்கா,
என்று குறுஞ்செய்தி வரும்
நான் ஏழாம் பெட்டிக்கடியில் கிடக்கும்போது.

அடுத்த தெரு ஹவுஸ் ஓனர் தணிகாசலம்
மோட்டார் போட வந்தவர் காதில் விழுந்திருக்கிறது:
மிஸஸ் பின்டோ, சாப்பிட வாங்க.
மிஸஸ் பின்டோ, கோவமா?
ஒன்றாம் தேதி வாசலில் நின்றார்.
"ஒருத்தின்னு சொல்லித்தானம்மா குடி வந்த.
தண்ணிக் காசு ஆளுக்கு இருநூறு."
கதவை ஒருக்களித்தபடி
நானூறு எடுத்துக் கொடுத்தேன்.
நாக்கில் விரல் தொட்டு எண்ணி,
நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்:
இரண்டாவது மாடி, பெண்கள் இருவர்.