விருந்தினர் வலை

லியபாயாவில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
ஞாயிறு இரவு வந்து
நாற்பத்து மூன்று ஓடுகளைக் கழற்றி
அடுத்த வீட்டு ஆப்பிள் மரத்தடியில்
போட்டுவிட்டுப் போனது.
இன்று நள்ளிரவுக்குள் காப்பீட்டுக்காரர்களுக்கு
படமும் படிவமும் சேர்ந்து போக வேண்டும்.

படிவம் கீழே, சமையலறை மேசையில், என் லேப்டாப்பில்.
படங்கள் மேலே, வெல்காவின் கணினியில்.
நடுவே பதினான்கு மரப்படிகள்.
பென் டிரைவில் எடுத்துக்கொள்ளேன் என்றாள் வெல்கா,
தூங்கப் போகுமுன்.
எடுக்கலாம்தான்.
ஆனால் ஒரே கூரைக்கடியில், அதுவும் ஓட்டைக் கூரை,
இரண்டு இயந்திரங்கள்
ஒன்றின் கண்ணில் மற்றது படாமல்
எப்படி இருக்கின்றன என்று
எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

அவள் கணினியின் பெயர் இமாண்ட்ஸ்.
பெயர் வைத்தவனின் பெயரும் அதுவே.
ஆறு வருடமாய் அயர்லாந்தில்,
மீன் பதனிடும் ஆலை ஒன்றில்.
கணினியை விட்டுவிட்டுப் போனான்,
மகனையும்.

கறுப்புத் திரையில் அந்த ஆறு எழுத்தைத் தட்டி
அவனைக் கூப்பிட்டேன்.
பெயரே தெரியாது என்றது திரை.
மேலே போய் முகவரி எண்ணைக் குறித்து வந்து
எண்ணால் கூப்பிட்டேன்.
அனுப்பியது நான்கு, வந்தது பூஜ்யம்,
இழப்பு நூறு சதவீதம்.

பயர்வாலைச் சற்றே திறந்தேன்.
இந்த வலைப்பின்னலை நம்புகிறீர்களா என்று கேட்டது,
ஆம் என்றேன்.
படியேறிப் போய்ப் பார்த்தேன்,
பகிர்வு ஓடிக்கொண்டுதான் இருந்தது.
கோப்புறைக்கு யார் யாருக்கு அனுமதி?
'எல்லோருக்கும்' என்று எழுதியிருந்தது.
இறங்கி வந்தேன்.
மறுபடி பெயர். மறுபடி எண்.
வாளியில் கூரைத் தண்ணீர் சொட்டியது.
பத்து மாதமாய் மாடி அச்சுப்பொறியும்
எனக்கு மட்டும் அச்சடிப்பதில்லை என்பது
அப்போதுதான் நினைவுக்கு வந்தது.
மை தீர்ந்துவிட்டது என்று இருந்துவிட்டேன்.

பத்தரைக்கு ரெனார்ஸ் வந்தான்,
வெறுங்காலோடு, கறுப்பு ரொட்டியும் புகையிட்ட மீனுமாய்.
என் தோளுக்கு மேலாக ஒரு பார்வை.
"நீங்கள் விருந்தினர் வலையில் இருக்கிறீர்கள்."
மென்றபடியே சொன்னான்.

அந்த வலையில் இருப்பவனுக்கு
உலகம் முழுக்கத் தெரியும்,
பக்கத்து அறை தெரியாது.

மார்ச் மாதம்.
ஒற்றைப்படையாய் எண்ணி வாங்கிய ஏழு டூலிப்.
கடைசிப் பேருந்தின் நேரம் பார்க்க
பாஸ்வேர்டு கேட்டேன்.
குளிர்பெட்டிக் கதவின் மஞ்சள் சீட்டைக் காட்டினாள்.
பிறகு பல்துலக்கி வந்தது,
பனிச்சறுக்குக் கட்டைகள் வந்தன,
வரி அலுவலகத்தில் என் முகவரியே இங்கு வந்துவிட்டது.
லேப்டாப் மட்டும்
பூங்கொத்தோடு வாசலில் நின்றபடியே இருந்திருக்கிறது.

"வீட்டு பாஸ்வேர்டு என்ன?"
ரெனார்ஸ் மாடிப்படியைப் பார்த்தான்.
"நானே போட்டுவிடுகிறேன்."
லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.
நான் வாளியைப் பார்த்தேன்.
காது என் பேச்சைக் கேட்பதில்லை.
ஆறு தட்டல்,
மாலை முழுக்க நான் தட்டிய அதே தாளம்.
ஒரு மூச்சு.
மேல் வரிசையில் நான்கு.
எந்த வருடம் என்று
நான் கேட்கவில்லை.

இரண்டு மில்லி வினாடியில் இமாண்ட்ஸ் பதில் சொன்னான்.
'கூரை' என்ற கோப்புறை திறந்தது.
ஓடில்லாத சட்டங்கள், வானம், வானம்,
பத்தொன்பதாவது படத்தில் ஓர் ஏணி,
அதன்மேல் என் பூட்ஸ்,
இடுப்புக்கு மேல் நான் சட்டகத்தில் இல்லை.
பதினொன்று நாற்பத்தெட்டுக்கு அனுப்பியாயிற்று.
"கணினிக்குப் பெயர் மாற்றவா?" என்றான்.
முதலில் ஓடு என்றேன்.

அப்போது மாடியில் ஏதோ உறுமியது.
வரிசையில் காத்துக் கிடந்ததெல்லாம்
ஒவ்வொன்றாய் வந்துகொண்டிருந்தது போலும்:
ஏப்ரலின் பீட்ரூட் சூப் செய்முறை,
பழைய அறையைக் காலி செய்யும் கடிதம்,
வெல்காவின் பிறந்தநாளுக்கு நான் எழுதி,
அச்சாகாததால் வாயால் சொன்ன நான்கு வரி.

"இந்நேரத்தில் யாரது?"
தூக்கக் குரல்.
நான்தான் என்றேன்.
அவள் காதில் விழுந்திருக்காது.
காகிதம் இன்னும் வந்துகொண்டிருந்தது.