பன்னிரண்டு பாயிண்ட்

ஏழு ரோட்டில் நிற்கும் என் வண்டி.
பின்கண்ணாடியில் பெயிண்டில் எழுதியிருக்கும்:
பன்னிரண்டு பாயிண்ட், அரை நாள், பேரம் இல்லை.
பேரம் உண்டு.

அன்றைக்கு ஏறியவர்கள் கமுதிப் பக்கம்.
எட்டு சீட்டுக்கு ஒன்பது பேர்.
வாடகை ஸ்வெட்டர்களில்
போன வாரம் வந்துபோன யாருடைய சென்ட்டோ
இன்னும் கோடைக்கானலிலேயே இருந்தது.

மோயர் பாயிண்டில் மேகம்.
பைன் காட்டில் மேகம்.
தூண் பாறையில்
‘அந்தா, அங்கதான்’ என்று நான் கைகாட்டிய திசையில்
வெள்ளையாக ஒன்றுமில்லை.
பைனாகுலர்காரன் தலைக்குப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு
அந்த ஒன்றுமில்லையைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டினான்.
‘பாறை எங்க?’ என்றாள் சின்னவள்.
குளிக்கப் போயிருக்கு என்றேன்.
பதினெட்டு வருஷமாய்ச் சொல்லும் பதில்,
சிரித்தது நான் மட்டும்.

கண்ணுக்குக் கிடைக்காதவர்கள் வாய்க்குத் தேடுவார்கள்.
சுட்ட சோளம். பிரட் ஆம்லெட்.
கண்ணாடிக் காகிதத்தில் ஹோம்மேடு சாக்லெட்,
யார் வீடு என்று கேட்காதவரை இனிக்கும்.
கீறி மிளகாய்ப்பொடி அடைத்த பேரிக்காய்.
அதை வாங்கிய பெரியவர் சாத்தையா
பழத்தை விட்டுவிட்டுப்
பொடியை மட்டும் நாக்கில் ஒற்றி
‘செங்கல்’ என்றார்.
மலையில் அவர் பேசிய முதல் வார்த்தை.

பச்சைப் பள்ளத்தாக்கில், அதாவது வெள்ளைப் பள்ளத்தாக்கில்,
மருமகன் போனில் கணக்குப் போட்டான்.
அஞ்சு பாயிண்ட் பார்த்திருக்கோம், அஞ்சும் ஒண்ணுதான்,
அப்ப ஒரு பாயிண்டுக்கு மட்டும் வாங்கிக்குங்க.
திருப்பூர்க் கணக்கு.
நான் பதில் சொல்லாமல் கியரைப் போட்டேன்.

பூம்பாறை என் பன்னிரண்டில் இல்லை.
டீசல் கட்டாது.
கடைசி வளைவில் மேகம் ஒரு முழம் எழும்பியது.
ஓட்டு வீடும் தகர வீடுமாய் ஊர்,
சுற்றிலும் மாடிப்படி மாதிரி வயல்.
எட்டு பேர் எட்டு போனைத் தூக்கினார்கள்.
சாத்தையா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
வரப்பில் இறங்கினார்.

நாகுத்தாய் சாக்கின் மேல் உட்கார்ந்து
பூண்டுக்குத் தாள் கழித்துக்கொண்டிருந்தாள்.
புகை போட்ட பூண்டு, அடுப்படி வாசம்.
ஒரு பல்லை நகத்தால் உரித்துப்
பச்சையாய்க் கடித்தார்.
கண்ணில் தண்ணீர்.
‘இருக்கு’ என்றார்.

அதற்கப்புறம் நாற்பது நிமிஷம்.
விதை எங்கே எடுக்கிறீக,
வடுகபட்டிக்காரன் மூட்டைக்கு எத்தனை கிலோ கழிக்கிறான்,
எங்களுக்கும் கழிவுதான் தாயி,
காய்ந்தால் விலை இருக்கும் காய் இருக்காது,
காட்டெருமை எத்தனை மணிக்கு வரும்,
எங்க ஊர்ல பன்னி.
இத்தனை வருஷத்தில் என் வண்டியில் வந்தவர்கள்
பள்ளத்துக்கு ஆழம் கேட்டிருக்கிறார்கள்,
பாறைக்கு உயரம் கேட்டிருக்கிறார்கள்.
மழை தப்பினால் என்ன செய்வாய் என்று
இந்த மலையில் யாரும் யாரையும் கேட்டு
நான் கேட்டதில்லை.
இருந்தாலும் ரெண்டு தடவை ஹாரன் அடித்தேன்.
எனக்கு மூணு மணிக்கு இன்னொரு ட்ரிப்.

ஏழு ரோட்டில் இறக்கிவிட்டபோது
மருமகன் இருநூறு குறைத்துத்தான் கொடுத்தான்.
பெரியவர் பூண்டுப் பையை மார்போடு பிடித்தபடி
பஸ் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார்.

ராத்திரி வண்டி கழுவும்போது
பின் சீட்டடியில் ஒரு மஞ்சப்பை.
அரைக் கிலோ குண்டு மிளகாய்,
கறுஞ்சிவப்பு, ஆட்டினால் விதை கிலுங்கியது.
மறந்ததா, வைத்ததா தெரியாது.
நம்பர் மருமகனுடையது, அவனைக் கூப்பிட மாட்டேன்.

பிலோமி ஆறு மிளகாய் கிள்ளிப் போட்டு
மலைப்பூண்டுக் குழம்பு வைத்தாள்.
ரெண்டாம் கவளத்தில் காது அடைத்தது.
பையன் தண்ணீர்ச் செம்பைக் கட்டிப்பிடித்தான்.
மூக்கைத் துடைத்துக்கொண்டே மனசுக்குள் கூட்டினேன்:
அரைக் கிலோ என்ன விலை போகும்,
இருநூறில் கழித்தால்
இன்னும் அவர்கள் எனக்கு ஐம்பது தர வேண்டும்.

என்ன முணுமுணுக்கிறே என்றாள் பிலோமி.
சோறு போடு என்றேன்.