ஜன்னல் இருக்கை, இடப்பக்கம்

களியக்காவிளை செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்
மரச்சீனி சிப்ஸ் கடைக்கும் போட்டோக்காரனுக்கும் நடுவே
என் டிக்கெட் கடை.
ஐம்பதடி தள்ளி லாட்டரி விற்கலாம்,
என் வாசலில் கூடாது.

வல்லவிளையிலிருந்து ரெண்டு பஸ் மாறி
வந்திருந்தாள் ஜெசிந்தா.
மகன் ஷிபினுக்கு மஸ்கட், ஒருவழி.
‘எவ்வளவு தூரம்?’ என்றாள்.
விலையைக் கேட்கவில்லை.

திரையைப் பார்த்துச் சொன்னேன்:
திருவனந்தபுரத்திலிருந்து நேர்க்கோட்டில்
ரெண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர்.
மூணு மணி நாற்பது நிமிஷம்.

‘கிலோமீட்டர் எனக்கு எதுக்கு? நாட்டிக்கல் சொல்லும்.’
கால்குலேட்டரை நான் தேடி எடுக்குமுன்
‘ஆயிரத்து நானூறு’ என்றாள் அவளே.
‘எங்க போட்டு ஏழுல ஓடும்.
இருநூறு மணிக்கூர். வலை போடாம போனா
எட்டரை நாள்.’
பிறகு மெதுவாக,
‘வலை போடாம எவன் போவான்.’

ராத்திரி பத்து ஐம்பதுக்குக் கிளம்பி
ஒரு மணிக்கு இறங்கும் என்று டிக்கெட்டில் இருந்தது.
விரல் மடக்கிப் பார்த்தாள்.
‘ரெண்டு மணி பத்து நிமிஷந்தானே வருது?’
அங்கே கடிகாரம் ஒன்றரை மணி பின்னால் என்றேன்.
‘போட்டுல மாத்தமாட்டாங்க.
ஓமான் கரை தெரிஞ்சாலும் வல்லவிளை நேரந்தான்.’

அவள் புருஷன் பரலோக அன்னை போட்டில்
கடலுக்குள் போய்ப் பதினொரு நாள்.
நேற்று சாயங்காலம் இன்னொரு போட்டு வழியாகத்
தகவல் கைமாறி வந்திருந்தது:
கல்பேனிக்கு மேற்கே, சுறா இல்லை, ஐஸ் இருக்கிறது.

‘பிளைட்டு அந்த வழியாப் போவுமா?’

இதுவரை யாரும் கேட்காத கேள்வி.
மேப்பைத் திறந்து
ஸ்கேலைத் திரைமேலேயே வைத்துப் பார்த்தேன்.
கோட்டுக்குத் தெற்கே விழுந்தது கல்பேனி.
‘இடப்பக்கம்’ என்றேன்.
‘அப்ப இடப்பக்கம் ஜன்னல்.’
முந்நூற்று ஐம்பது கூடுதல் என்றேன்.
பகல் விமானம் வேண்டுமா என்றேன்.
‘பகல்ல லைட்டு போடுவாங்களா?’

பதினாலாம் வரிசை காலியாக இருந்தது, ஆனால்
கீழே பார்த்தால் இறக்கைதான் தெரியும்.
இருபத்தாறு ஏ போட்டுக் கொடுத்தேன்.
நானூறு ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனாள்.

அந்த ராத்திரி நான் கடை அடைக்கையில்
ஷிபின் போன் செய்தான்,
பாலராமபுரத்தில் காருக்குள்ளிருந்து.
‘அண்ணா, முப்பது கிலோமீட்டருக்கு ரெண்டு மணி நேரம்.
பிளைட்டு காத்திருக்குமா?’
காத்திருக்காது.
ஓடிப் பிடித்துவிட்டான் என்று மறுநாள் தெரிந்தது.

மூன்றாம் நாள் பாக்கியைக் கொண்டு வந்தாள்,
மீன் வாசமடிக்கிற நாலு நூறு.
‘பார்த்தானா?’ என்றேன்.
‘ஏறினதும் தூங்கிட்டானாம்.
மஸ்கட்டுல தட்டி எழுப்பினாங்களாம்.’
சிரித்தாளா என்று சொல்லத் தெரியவில்லை.

‘ஆனா அவரு கண்டாராம்.
பதினொண்ணரைக்கு ஒண்ணு, பன்னிரண்டுக்கு ஒண்ணு.
எது இவன் போனதுன்னு தெரியாம
ரெண்டுக்கும் டார்ச் அடிச்சிருக்காரு.
பிள்ளை கண்டுட்டான்னு
வயர்லெஸ்ல சொல்லச் சொல்லிட்டேன்.’

ரசீது கிழித்துக் கொடுத்தேன்.
மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு
ஊரம்பு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அடுத்து ஒரு பையன், கையில் புது பாஸ்போர்ட்.
‘ஷார்ஜா எவ்வளவு தூரம்ணே?’

‘எதுல போற?’ என்று
கேட்டுவிட்டேன்.