மஞ்சள் அம்பு

பிரதேச சபை தந்தது
இரண்டு லீற்றர் மஞ்சள், ஒரு தூரிகை, ஒரு தாள்.
தாளில் 'பல்பயன் பாதை' என்று தலைப்பு.
கீழே மூன்று படம்:
நடக்கிற ஆள், சைக்கிள், குதிரை.
குச்சவெளிக் காட்டில் குதிரையை யார் கண்டது?
பலகையில் குதிரைக்குப் பதில் மாடு கீறினேன்.
கொம்பு கொஞ்சம் பெரிசாய்ப் போயிற்று.

கறுப்பங்கல் அப்படியொன்றும் உயர்ந்த மலை இல்லை.
உச்சியில் ஏறினால் கிழக்கே கடல்,
தெற்கே தூரத்தில் உப்பளத்தின் வெள்ளைக் கட்டங்கள்,
மேற்கே காடு, காடு, ஒரு குளம், பிறகும் காடு.
கச்சான் காற்று வீசினால்
தொப்பியைக் கையில் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் அம்பு பாலை மரத்தில்.
இரண்டாவது, ஹயாத்து காக்காவின் பட்டி
வெயிலுக்கு ஒதுங்கும் வளைவில்.
"இது ஆருக்கு?" என்று கேட்டார்.
"வழி தெரியாத ஆக்களுக்கு."
"அப்ப மாட்டுக்குத் தேவையில்லை,"
நூற்றிப் பதினேழையும்
அம்புக்கு எதிர்த்திசையில் சாய்த்துப் போனார்.

கொழும்புப் பொடியன்கள் மூன்று பேர்
சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள்.
சைக்கிள்கள் சுகமாய்ச் சவாரி போயின.
தேன் எடுக்கிற ரன்பண்டா
பாதையால் வரவே இல்லை;
புகை மணத்தோடு எங்கிருந்தோ குறுக்கே விழுந்து
சிரித்துவிட்டு மறைந்தார்.
யானைக்கு நான் படம் கீறவில்லை.
அது தன் அடையாளத்தைத் தானே வைத்திருந்தது,
பாதை நடுவில், சூடு ஆறாமல்.

ஏழாவது வளைவில் அம்பு போட
எனக்கு இடம் தேட வேண்டியிருக்கவில்லை.
அந்தக் கல்லில்தான்
எங்கள் தண்ணீர்க் கான் இருக்கும்.
இடப்பக்கம் சிவப்புத் தலைத் தடிகள்,
பின்னால் வெள்ளை,
நடுவில் ஒரு மீற்றர் அகல ஒழுங்கை,
அதில் முழங்காலில் நான்.
காலையில் சுபாஜினி, அவளுக்குப் பிறகு நான்,
முகக்கண்ணாடிக்குள் வியர்வை ஒழுக.
கருவி கத்தினால் தோண்டு.
அநேகமாய்ச் சோடா மூடி.
சில நாள் ஒரு பாய் விரிக்கிற அளவு முன்னேறுவோம்,
சில நாள் பாயின் விளிம்பு.
முப்பத்தொரு தடவை அது சோடா மூடி இல்லை.

"உச்சிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?"
மட்டக்களப்பிலிருந்து வந்த வங்கிக்காரி ஒருத்தி,
புதுச் சப்பாத்து, இரண்டு கையிலும் மலைத்தடி.
"நாற்பது நிமிடம்" என்றேன்.
எங்களுக்குப் பிடித்தது பதினான்கு மாதம்.

அவள் தடிமுனை மண்ணில் இறங்கும்போதெல்லாம்
என் பல் கூசியது.
நேரே குத்துகிறாள்.
நாங்கள் சாய்த்துத்தான் குத்துவோம், முப்பது பாகை,
கேக்கில் கத்தி வைப்பதைவிட மெல்ல.

ஏதோ ஊதாப் பூவைப் படம் எடுக்கப்
பாதையை விட்டு அவள் கால் வெளியே போனது.
"நில்!"
கத்தியது வாயில்லை, முழங்கால்.
அவள் ஒற்றைக் காலில் நின்று பார்த்தாள்.
"சூரை முள்ளு" என்று சொல்லி வைத்தேன்.
முள்ளும் இல்லை, ஒன்றுமில்லை.
அந்த இடத்தையும் துப்புரவாக்கியவள் நான்தான்,
கடதாசியில் கையெழுத்தும் வைத்தவள்.

பூவை எடுத்தபின் அங்கேயே குந்தி
சம்பல் பாணைப் பிரித்தாள்.
பாதி நீட்டினாள்.
போய் இருந்தேன்.
சப்பணம் கட்டி, இரண்டு உள்ளங்கையையும்
மண்ணில் ஊன்றி இருக்கச் சற்று நேரம் எடுத்தது.
எறும்பு கடித்தது. எழும்பவில்லை.

அதற்குள் மாடுகள் திரும்பி வந்துவிட்டன.
ஒரு செவலை நாம்பன்
ஈரம் காயாத கல்லில் விலாவைத் தேய்த்து
என் ஏழாவது அம்பைத்
தன் தோலில் அள்ளிக்கொண்டு போனது.
கல்லில் ஒரு மஞ்சள் பூச்சுத்தான் மிச்சம்.
திரும்பப் போட வேண்டும், நாளைக்கு.
அம்போ இப்போது சரிவில் இறங்கி,
ஒருக்கால் கடலைக் காட்டி, ஒருக்கால் காட்டைக் காட்டி,
தன் பாட்டில் மேய்கிறது.