ஒரே தேதியில் சேர்ந்தவர்கள்

சாந்தியாகோ. ஒன்பதாவது மாடி.
கீழே மபோச்சோ ஆறு
சேறு கரைத்துக்கொண்டு போகிறது.
என் வேலை பட்டியல்.
அவர்களிடம் ஆயிரத்து நூற்றெட்டு விமானிகள்,
எங்களிடம் அறுநூற்றுப் பன்னிரண்டு.
எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தித்
தலைக்கொரு எண் தர வேண்டும்.

தலைவர்கள் இருவரும் சம்பந்திகள் போலக்
கட்டிக்கொண்ட படம் லிஃப்டுக்குள் இருக்கிறது.
சீராக வந்தவை: நாற்பது விமானங்கள்,
அவற்றின் மேல் ஏறிய கடன்,
லிமாவில் பாதி எழுப்பிய பட்டறை.
இதில் பெண் வீடு எது என்று மட்டும்
யாரும் வாய் திறக்கவில்லை.

எங்கள் கேன்டீனின் டப்பாத்தூள் காப்பியைப்
பிரேசில்காரர்கள் குடித்தார்கள்.
ஒரு சொல் சொல்லவில்லை.
மறுநாள் ஒரு துணி வடிகட்டி வந்து சேர்ந்தது,
அதற்கொரு பூட்டும்.

புதுப் பெயருக்கு ஆறு மொழிபெயர்ப்பாளர்கள்.
எந்த நாட்டிலும் அதற்குப் பொருளே இல்லை என்று
கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள்.
மறுவாரம் அதை வால்களில் எழுதினோம்.

இணைந்த நாளன்று கணினிகள் இணையவில்லை.
குவாருல்யோஸில் நானூறு பேருக்கு
இணைப்பு விமானம் போய்விட்டது.
தரையில் கோட்டை விரித்துப் படுத்தவர்களின் தலைக்குமேல்
‘இனி நாம் ஒன்று’ என்று விளக்கெழுத்து
விடியும்வரை ஓடியது.

சுவர் வரைபடத்தில்
திங்கள்தோறும் ஒரு கோடு கூடும். கைதட்டுவோம்.
போகோட்டா. பனாமா. ஜோகன்னஸ்பர்க்.
கோடு அழிப்பது வெள்ளி மாலை,
ஆட்கள் கிளம்பிய பிறகு.
பால்மசேதா நிலையத்திலிருந்து ஒருவர் கேட்டார்:
புதுப் படத்தில் எங்கள் ஊரைக் காணோமே,
அச்சுப்பிழையா?
விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.
எனக்கு முன்பே தெரியும்.

நானூற்றுப் பன்னிரண்டில் வந்து பட்டியல் நின்றது.
அந்தொஃபகாஸ்தாவின் நசாரியோ மமானி.
போர்ட்டோ அலெக்ரேயின் ஒட்டீலியா பிராண்ட்.
இருவரும் வேலையில் சேர்ந்தது
தொண்ணூற்றெட்டு, மார்ச் இரண்டு.
ஒருவரையொருவர் பார்த்ததில்லை.
எங்கள் சங்கத்தின் விதி: வயது.
அவர்கள் சங்கத்தின் விதி: பறந்த மணி.
வக்கீல்கள் பதினோரு மாதம் பேசி
ஒப்பந்தத்தில் எழுதியது:
பூவா தலையா.

ஓர் எண்தானே என்பீர்கள்.
கிறிஸ்துமஸ் இரவு யார் வீட்டில் என்பது அந்த எண்.
பெரிய விமானத்தின் இடப்பக்க இருக்கை அந்த எண்.
ஆள் குறைக்கும் ஆண்டில்
அடியிலிருந்து எண்ணி வரும் விரல்
எங்கே நிற்கும் என்பதும்.

யார் நாட்டு நாணயம்?
அதற்கு மூன்று கூட்டம்.
எங்கள் பேசோ ஆகாது, அவர்கள் ரெயாலும் ஆகாது.
கடைசியில் தேநீர் கொண்டுவந்த பையன்
பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தான்
ஓர் உருகுவே ஐந்து பேசோ.
அதில் பூவும் இல்லை, தலையும் இல்லை.
ஒரு பக்கம் அரசு முத்திரை.
மறுபக்கம் ஞாந்து,
தீக்கோழிக்குத் தங்கை முறை.

பிரேசில் சங்கம் பறவையைக் கேட்டது.
சுண்டினேன்.
மேசையில் விழுந்து, ஓடி,
கோப்பின் முதுகில் முட்டிச் சாய்ந்தது.
பறவை.

நசாரியோ தொலைபேசியில் கேட்டது ஒன்றுதான்.
என்ன விழுந்தது?
பறவை.
பறக்குமா அது?
இல்லை என்றேன்.
சரி, என்று வைத்துவிட்டார்.

இது போன ஆண்டுக் கதை.
இன்று காலை ஒரு மின்னஞ்சல்:
குழுமம் வளர்கிறது, வாழ்த்துகள்,
மொந்தெவிதேயோவிலிருந்து
இருநூற்று எழுபது பேர் வருகிறார்கள்.
சேர்ந்த தேதிகளை வரிசைப்படுத்தி
விரலால் கீழே இறங்கினேன்.
தொண்ணூற்றெட்டு, மார்ச் இரண்டு.
ஒரு பெயர்.
ஒட்டீலியாவுக்கும் நசாரியோவுக்கும் அருகே
அதையும் நுழைக்க வேண்டும்.

இழுப்பறையைத் திறந்தேன்.
நாணயம் அங்கேயேதான் கிடக்கிறது.
ஆனால்
உருகுவேயும் இனி நம்முடையது.
வேறு நாணயம் தேட வேண்டும்.