ஏறும் வண்டிக்கு வழி

விடுப்பில் வந்தவன் போனை அணைத்திருக்க வேண்டும்.
அஸ்தம்பட்டி தாண்டுமுன்
மூன்று தலைநகரங்கள் கூப்பிட்டுவிட்டன.
முன்பெல்லாம் இப்படியில்லை என்பார்கள் எங்கள் பிரிவில்:
பெரியவர்கள் அடித்துக்கொண்டால்
நாம் ஜன்னலோரம் உட்கார்ந்து
இரண்டு பக்கமும் தலையாட்டினால் போதும்.
இப்போது அந்தத் தலை
எந்தப் பக்கம் எத்தனை அங்குலம் அசைந்தது என்று
சந்தை திறக்குமுன் அளக்கிறார்கள்.

அடிவாரத்தில் பஸ் நின்றது.
கண்டக்டர் பச்சியண்ணன்
டிக்கெட்டின் முதுகில் ஏழு என்று கிறுக்கினார்.
'சில்லறை இல்லீங்க, எறங்கறப்ப வாங்கிக்குங்க.'

இன்றிரவு நியூயார்க்கில் வாக்கெடுப்பு.
எங்கள் முடிவு போன வாரமே ஆகிவிட்டது:
வாக்களிக்கப் போவதில்லை.
ஏன் இல்லை என்பதற்கு ஒன்றரைப் பக்கம் வேண்டும்.
மௌனம் மூலம்.
நான் எழுதுவது உரை.

முதல் வளைவில் 'கண்டிக்கிறோம்' இருந்தது.
ஐந்தாவதில் தில்லியிலிருந்து தாஸ்குப்தா
அதை 'வருந்துகிறோம்' ஆக்கினார்.
எட்டில் சிக்னல் செத்தது.
எண்ணெய் ஒருவரிடம் வாங்குகிறோம்,
விமான எஞ்சின் அவருக்கு ஆகாதவரிடம்.
எல்லையில் நிற்பவர் மூன்றாமவர்,
கருப்பூரில் என் மைத்துனன் வெட்டும் வெள்ளைக்கல்லுக்கு
நல்ல விலை தருபவரும் அவரே.

சேலம் இடது ஜன்னலில் தெரிந்தது,
அடுத்த வளைவில் வலது ஜன்னலில்.
ஊர் நகரவில்லை.
நாங்கள் மாறிவிட்டோம் என்று எழுதுகிறவர்களுக்கு
இந்தப் பாதையைக் காட்டலாம்.
காட்டினால், வாந்தி வருகிறது என்பார்கள்.

பதினொன்றில் எதிரே
சில்வர் ஓக் கட்டை ஏற்றிய லாரி.
டிரைவர் மாதையன் ஹாரன்கூட அடிக்கவில்லை.
லாரி முனகி, நின்று,
மெல்லப் பின்னால் போனது.
'ஏறுற வண்டிக்குத்தாங்க வழி. சட்டம்.'
எனக்குப் பெருமையாக இருந்தது.
அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?
எத்தனை வருஷம் நாங்கள் பின்னால் போயிருக்கிறோம்.

பதினான்கில் எங்களுக்கு முன்னே
மிளகு மூட்டையோடு ஒரு டிவிஎஸ் ஏறிக்கொண்டிருந்தது.
இப்போது ஹாரன்.
நீளமாக, ஒரே மூச்சில்.
வண்டி ஓரம் போய் வடிகாலில் சாய
மூட்டை வாய் பிளந்தது.
தார்ச்சாலையில் கறுப்பு மணிகள் எங்களைவிட வேகமாக
சேலத்தை நோக்கி இறங்கின.
'அதுவும் ஏறுற வண்டிதானே?' என்றேன்.
மாதையன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
'நின்னா கிளட்ச் போயிருங்க.
அவுங்களுக்கு ஒதுங்கத் தெரியும்.'

இவ்வளவு சுருக்கமாக எனக்கு வருவதில்லை.

அம்மாப்பேட்டையைவிடச் சின்னதான ஒரு தீவின் தூதர்
முந்தாநாள் என் அறையில் டீ குடித்தார்.
'உங்கள் உரைகளைப் படித்துத்தான்
மேடையில் பேசக் கற்றேன்.'
எந்த வருஷத்து உரைகள் என்று கேட்டேன்.
அவர் சொன்ன வருஷத்தில்
நான் பிறந்திருக்கவில்லை.
கோப்பையில் பாதி டீ ஆறிக் கிடந்தது,
அவர் போன பிறகும்.

பதினெட்டில் சிக்னல் வந்தது,
ஒதுக்கி வைத்த செய்திகளெல்லாம் மடமடவென்று.
வருத்தமும் அதிகமாம். 'கவலை' போதுமாம்.
கவலைக்கு முன்னால் 'ஆழ்ந்த' என்று சேர்த்தேன்.
எவ்வளவு ஆழம் என்று ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.
மூடுபனி.
தாஸ்குப்தா ஒரு கட்டைவிரல் அனுப்பினார்.

ஒண்டிக்கடையில் இறங்கினேன்.
பஸ் நாகலூருக்குக் கிளம்பிய பிறகுதான்
ஏழு ரூபாய் ஞாபகம் வந்தது.
கையில் சீட்டு இருக்கிறது,
கொடுக்க வேண்டியவர் மலையில் எங்கோ.

டீ சொல்லிவிட்டு நின்றேன்.
அரை மூட்டையோடு அந்த டிவிஎஸ் வந்து நின்றது.
முழங்கையில் சிராய்ப்பு,
கட்டம் போட்ட லுங்கியில் சேறு.
கோபமில்லாமல்,
நேரம் கேட்பதுபோலக் கேட்டார்:
'அந்த பஸ்லயா வந்தீங்க?'

ஒன்றரைப் பக்கம் சட்டைப்பையில் இருந்தது.
ஆமாம் என்றேன்.
மிளகு வாசம் அடித்தது.